முனி அடிச்ச கேசு

நெனச்சா இன்னமும் எனக்கு என் மேலயே குமட்டுதுங்க.

பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில நான் லைன் சூப்பர்வைசர். சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையர் ஆளுங்க ஆடிட்டுக்கு வந்தா, ரெஜிஸ்டர்ல பேரில்லாத பொம்பளைங்கள வேஸ்ட் குடோனுக்குள்ள உக்கார வெச்சுப் பூட்டிப்போடுவோம். எங்க கம்பெனி வழக்கம் அது. அன்னைக்கு ஒருத்திதான். தெக்கத்திப் பொண்ணு, வீசிங் உள்ளவ. "பத்தே நிமிசம் கண்ணு, இருமிப்போடாத"ன்னு அவ காதுக்குள்ள சொல்லிப் பூட்டினது நானு, நானும் ஒரு பொம்பள. அப்புறம் ஆடிட்டு ஆளுங்களோட உக்காந்து பிரியாணி தின்னேன். அவளச் சுத்தமா மறந்தே போனேன். சாயங்காலம் தொறந்தா, துணித் தூசிக்குள்ள செத்துக் கெடக்கறா.

போலீஸ் வந்துது. "கதவு சும்மா சாத்தித்தானுங்க இருந்துது"ன்னேன். ஓனர் ஒரு படி மேல போயி, அது முனி நடமாடற எடம், முனிதான் அடிச்சிருக்குன்னு கதை கட்டினார். "சாமி காரியத்துல நாம என்னத்த வெசாரிக்கறது?"ன்னு எஸ்.ஐ.யும் தலையாட்டினார். தூ! அந்தப் பூட்டைத் தொட்டுக்கூடப் பாக்கல.

மூணாம் நாள் குடோன் வாசல்ல கெடா வெட்டிப் பூசை. எஸ்.ஐ.யும் வந்து நின்னார். செத்தவளோட தங்கச்சி எங்க கம்பெனியிலயே டெய்லர். "எங்கக்கா எப்படிச் செத்தா, அத மட்டும் சொல்லுங்க"ன்னு மூணு நாளா ஒவ்வொருத்தர்கிட்டயும் கெஞ்சிட்டுத் திரிஞ்சா. உடுக்கை அடிக்கவும் அவ ஆட ஆரம்பிச்சுட்டா. அக்கா வந்து எறங்கிட்டான்னு சனம் ஒதுங்குச்சு. தெக்கத்திப் பேச்சு போயி, என்ற கொரல்லயே சொன்னா: "பத்தே நிமிசம் கண்ணு, இருமிப்போடாத."

அழுது அழுது மூளை கலங்கிப் பேசுனான்னு சொல்லலாம். ஆனா அந்தப் பேச்சு எனக்கும் செத்தவளுக்கும் மட்டுந்தான் தெரியும்.

எஸ்.ஐ. என்னையப் பாத்தார். "ஏம்மா, உங்கொரலாட்டவே இருக்குது?"

"பேய் பேசறதுக்கெல்லாம் நான் என்னங்க பதில் சொல்றது?"

"அதுவுஞ் சரிதான்"னு பந்திக்குப் போயிட்டார். மனுசனா அவரு? நான் மட்டும் என்னவாம்!

அந்தப் புள்ளைக்கு மயக்கம் தெளிஞ்சப்போ என்ற மடியிலதான் கெடந்தா. "யக்கா, எங்கக்கா வந்தாளா? எப்படிச் செத்தான்னு சொன்னாளா?"ன்னு என்ற கையைப் புடிச்சுக்கிட்டா.

"வந்தா. முனிதான் அடிச்சுதுன்னு அவளே சொல்லிப்போட்டா"ன்னேன்.

அவ அத நம்பி, அழுதுட்டே எனக்கு ஒரு கும்பிடு போட்டா.