தங்கப் பல்லில் மஞ்சள்

புதுக் கம்ப்யூட்டர் வருகிறதென்று மேசையை ஒழித்தபோது, அடி டிராயரில், எப்போதோ கழற்றி வைத்த அந்தக் கிராபிக்ஸ் கார்டு கிடந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம், ஒரு குட்டி விசிறி, கீழ் ஓரத்தில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கடைசி நாலைந்து பற்களின் இடுக்கில் மஞ்சள் இன்னும் ஒட்டியிருந்தது. பதினோரு வருஷம்! இந்த வீட்டில் என்னை இதைப் போலக் கடுப்பேற்றிய பொருள் வேறொன்று கிடையாது. ஆனாலும் தூக்கி எறிய ஒரு நாளும் மனசு வந்ததில்லை.

திருச்செங்கோட்டுப் பக்கம், வீட்டை ஒட்டியே தறிக்கூடம் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. கல்யாணமாகி வந்த புதிதில் நானும் தறி நாடாவுக்கு நூல் சுற்றும் தார் வேலைதான், தார் சுற்றிக்கொண்டுதான் இருந்தேன். பிறகு கம்ப்யூட்டரில் சேலைக்கு டிசைன் போடக் கற்றுக்கொண்டேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரி, பத்து டிசைன் போட்டுக் காட்டு, பிடித்தால் வருஷம் முழுக்க உனக்குத்தான் வேலை என்றார். மாசக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பழையபடி தார் சுற்றப் போக வேண்டியதுதான். அவர் கேட்ட மாதிரி டிசைன் போடும் மென்பொருளோ, என் கம்ப்யூட்டரில் திறக்கவே மாட்டேன் என்றது. கம்ப்யூட்டர் போர்டிலேயே இருக்கிற டிஸ்ப்ளே போதாது, திரைக்குத் தனியாகக் கார்டு வேண்டுமாம். சேலத்துக்குப் போய் வாங்கி வந்தேன்.

வாசலிலேயே என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டவர் என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் தறிக்குப் புது மோட்டார் வந்தாலும் சரி, மிக்சி வந்தாலும் சரி, அவர் சாமி மாடத்தில் வைத்துக் கும்பிட்டுக் கொடுத்த பிறகுதான் யாரும் தொடலாம். "சித்தெ இரு சாமி, வெச்சுக் கும்பிட்டுத் தாரேன்" என்று கார்டைக் கொண்டுபோனார். எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

மாட்டினேன். படம் வந்தது, ஆனால் மென்பொருள் அப்போதும் திறக்கவில்லை. கடைக்குப் போன் போட்டால், மெக்கானிக் தம்பி மானிட்டர் ஒயரைப் பழைய இடத்திலிருந்து கழற்றிப் புதுக் கார்டில் சொருகச் சொன்னார். அட, இதுதானா என்று சொருகினேன். மானிட்டர் ஒரே இருட்டு. பழைய இடத்தில் சொருகினால் படம் ஜம்மென்று வருகிறது, கார்டு என்று ஒன்று உள்ளே இருப்பதே தெரியாத மாதிரி. கழற்றினேன், மாட்டினேன், அழுத்தினேன், கெஞ்சினேன். விரலில் ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

மறுநாள் கார்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடையில் மாட்டினால் நொடியில் படம் வந்தது! "நல்லாத்தானேக்கா இருக்கு" என்று அந்தத் தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டுக்கு வந்தால், "வெளிய போயிட்டு வந்த பொருளு" என்று அக்கா மறுபடி மாடத்துக்குக் கொண்டுபோனார். திரும்பக் கைக்கு வந்ததும் மாட்டினேன். அதே இருட்டு. என்ன எழவுடா இது என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுபடி போன். செட்டிங்கில் போய் போர்டின் டிஸ்ப்ளேயை நிறுத்திவிடுங்கள், அப்போது கார்டு தானாக எடுத்துக்கொள்ளும் என்றார். நிறுத்தினேன். கார்டும் எடுக்கவில்லை, போர்டிலும் வரவில்லை. இருந்த ஒரு கண்ணும் போனது. மாசம் முடிய ஐந்து நாள் இருந்தது, ஒரு டிசைன்கூட ஆரம்பிக்கவில்லை. ஆத்திரத்தில் கண்ணீர் முட்டிக்கொண்டு நின்றபோதுதான், அக்கா காபி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்து, "வந்துருச்சா சாமி?" என்றார்.

"நீங்க இப்படி எட்டி எட்டிப் பாத்தா எப்படிங்க வரும்? எல்லாம் உங்க கண்ணு பட்டதுதான்" என்றேன்.

அவருக்குக் குழந்தை இல்லை. வளைகாப்புக்கும் காது குத்துக்கும் தானே ஒதுங்கிப் பின்னால் நின்றுகொள்கிறவர். ஊரில் நாலு பேர் முதுகுக்குப் பின்னால் பேசியதை முகத்துக்கு நேரே சொன்னவள் நான் ஒருத்திதான். டம்ளரை மேசையில் வைத்தார். காபி கொஞ்சம் சிந்தியது. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் கம்ப்யூட்டர் பெட்டியோடு மொத்தத்தையும் பழைய சேலையில் மூட்டை கட்டிச் சேலத்துக்குத் தூக்கிப் போனேன். அந்தத் தம்பி முதல் வேலையாகக் கார்டைப் பிடுங்கினார். அழிரப்பரை எடுத்துப் பற்களைத் தேய்க்கப் போனவர் நின்றார். எந்தக் கார்டு வந்தாலும் தேய்த்துவிட்டு மாட்டுவது அவர் வழக்கமாம். நகத்தால் சுரண்டி முகர்ந்தார். "ஏங்க்கா, இதுல மஞ்சளா பூசுனீங்க? காஞ்சுபோய்ப் படிஞ்சிருக்கு. கரண்ட்டே உள்ள போகாதே!" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மஞ்சளும் தங்க நிறம், பற்களும் தங்க நிறம். மாடத்திலிருந்து வந்ததை இரண்டு தடவையும் என் கையால் மாட்டியவள் நான், என் கண்ணுக்குத் தெரியவில்லை. ரப்பரால் தேய்த்து, செட்டிங் பழையபடி ஆக போர்டிலிருந்த பட்டன் பேட்டரியைக் கழற்றிப் போட்டதும் எல்லாம் சரியானது. கண் படக் கூடாதென்று மஞ்சள் வைத்த மனுஷியைத்தானே நான் கண் வைத்ததாகச் சொன்னேன்!

வீட்டில் வந்து, பவர் சப்ளை கோளாறு என்று பொய் சொன்னேன். உண்மையைச் சொன்னால் இன்னும் நொந்துபோவார் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, அதுதான் நிஜம். பத்து டிசைனும் போட்டுக் கொடுத்தேன். வேலை கிடைத்தது. இன்றுவரை அந்தச் சோறுதான் சாப்பிடுகிறேன். ஆனால் நான் கம்ப்யூட்டரைப் போட உட்கார்ந்தால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்துபோவார். "நீ ஆரம்பி சாமி, நான் பாக்கல" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார், அதுதான் கொடுமை. இத்தனை வருஷத்தில் என் டிசைன் ஒன்றைக்கூடத் திரையில் அவர் பார்த்ததில்லை.

நேற்று புதுக் கம்ப்யூட்டர் வந்தது. "அக்கா, மஞ்சள் வெச்சுக் கும்பிட்டுக் கொடுங்க" என்றேன். "நீயே வெச்சுக்க சாமி, எங்கண்ணு எதுக்கு?" என்றார். அதற்குமேல் தாங்கவில்லை. பழைய கார்டை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். "அக்கா, அன்னைக்குக் கெட்டது உங்க கண்ணால இல்லீங்க. பாருங்க, நீங்க வெச்ச மஞ்சள் இங்க படிஞ்சுதான் படம் வரல. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் சொல்லாமப் போயிட்டேன்."

அவர் கார்டைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப என்னாலதான் கெட்டுருக்குது. நீ சொன்னது நெசந்தானே, சாமி?"

"ஐயோ, அதில்லீங்க அக்கா..." என்று ஆரம்பித்தேன். எந்தப் பக்கம் திருப்பிச் சொன்னாலும் அது அவர் கை, அவர் வைத்த மஞ்சள். அவர் முந்தானை நுனியை நாக்கில் நனைத்து, தங்கப் பற்களின் இடுக்கை ஒவ்வொன்றாகத் துடைத்தார். புதுக் கம்ப்யூட்டரில் அந்தக் கார்டை மாட்ட இடமே கிடையாது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இப்பப் போட்டுப் பாரு, வரும்" என்று அதை என் கையில் வைத்துவிட்டு, மேசைப் பக்கம் பார்க்காமல் தறிக்கூடத்துக்குப் போனார்.