உள்ளே விட்ட துணி

என் அக்கா புருஷன் தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. ஊருக்கெல்லாம் அளவெடுப்பார், தன் வாய்க்கு மட்டும் அளவே கிடையாது.

அப்படிப்பட்டவர் கொஞ்ச நாளாக நின்றுகொண்டே இருந்தார். துணி வெட்டுவது நின்றபடி, சாப்பிடுவது நின்றபடி. தைக்க உட்காரச் சொன்னால் மட்டும் ஒரு சாக்கு. வந்த துணியெல்லாம் எதிர்க்கடைக்குப் போனது.

"என்ன அத்தான், எலெக்‌ஷன்ல நிக்கிறீங்களா?"

"தோத்துருவேன்னு தெரிஞ்சுதான் நிக்கிறேன், கொழுந்தியா."

உட்கார்ந்தால் வலி, எழுந்தால் ரத்தம். அதை மறைக்கத்தான் எப்போதும் கறுப்பு பேன்ட். அக்காவும் நானும் இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மருந்து வாடை அக்காவுக்கு ஆகாது. அவள் கதவுக்கு வெளியே உட்கார, நான் அவரோடு உள்ளே போனேன்.

டாக்டர் மழுப்பவில்லை. மலக்குடலில் புற்றுநோய்க் கட்டி. வெட்டி எடுக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. கடும் குளிரேற்றிய கம்பியை உள்ளே விட்டு, கட்டியை உறைய வைத்துச் சுருக்கலாம். ரத்தம் நிற்கும், வலி குறையும். நோய் போகாது.

"ஐஸ் வைக்க வேற இடமே கிடைக்கலையா, டாக்டர்?" என்றார் அத்தான். பிறகு குரல் இறங்கியது. "மெஷின்ல உட்கார முடியுமா? அத மட்டும் சொல்லுங்க."

"உட்காரலாம். திரும்ப வளர்ந்தா திரும்பச் செய்யணும்."

வெளியே வரும்முன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நோய் போகாதுன்னு மட்டும் உங்க அக்காகிட்ட சொல்லிராத."

"எனக்கு ஓட்டை வாய்னு நீங்கதான சொல்வீங்க?"

"அதான் கெஞ்சுறேன்."

உறைய வைத்தார்கள். அதன்பின் சில நாள் கசிவும் நாற்றமும். அக்கா மூக்கைச் சுளிக்காமல் துணி மாற்றினாள். அவரோ, "நாத்தம் தாங்காம நோயே ஓடிரும்" என்றார். மெல்ல ரத்தம் நின்றது. பழைய சைக்கிள் டியூபைச் சுருட்டி, உட்கார மெத்தைபோல அதற்கு உறை தைக்கச் சொல்லி என் உயிரை வாங்கினார். தையல் கோணல் என்று திட்டிக்கொண்டே அதன்மேல் உட்கார்ந்தார்.

அன்று அக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவருடைய பேன்ட்டை உட்புறம் திருப்பி என்னிடம் நீட்டினாள். இடுப்பில் ஒரு தையல், அதற்குள் இன்னொன்று, அதற்கும் உள்ளே மற்றொன்று.

"இளைக்க இளைக்க இறுக்கிப் பிடிச்சிருக்காரு. நமக்குத் தெரியக் கூடாதாம்."

ஒன்றும் தெரியாதவள்போல் கண்ணை அகல விரித்தேன்.

"கண்ண உருட்டாதடி. டாக்டர் சொன்னது கதவுக்கு வெளிய கேட்டுச்சு. நான் என்ன செவிடா? அவருகிட்ட சொல்லிராத."

எனக்கு இரண்டு பக்கமும் வாய்ப்பூட்டு.

பிடித்த துணியை விரலால் நீவினாள். "ஆனா பாரேன், மிச்சத் துணிய வெட்டல. உடம்பு தேறுனா பிரிச்சுவிட அப்படியே உள்ள விட்டு வச்சிருக்காரு."

முன்னறையில் மெஷின் கடகடவென ஓடியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலை உயர்த்தினாள்.

"அங்க என்ன, எவ்வளவு நேரம் உட்கார்ந்தே இருப்பீங்க? சாப்பிட எந்திரிச்சு வாங்க!"

"தட்ட இங்க கொண்டா. இப்பதான் உட்கார்ந்திருக்கேன். எந்திரிக்கிறதா இல்ல."