விடைபெறும் காட்சிக்கு ஒரு ஜப்பான் பாட்டு

கலியாண வீடியோக்காரனுக்கு எந்த வீட்டிலும் முதல் வரிசையில் இடம் உண்டு, கடைசிப் பந்தியில் சாப்பாடும் உண்டு. அடுத்தவர் வீட்டுக் கலியாண டிவிடியை மூன்று மணித்தியாலம் சோபாவில் இருந்து பார்த்து, "நல்ல வடிவா இருக்கு" என்று சொல்லித் தப்பி வந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நீங்கள் ஒரு தடவை பார்த்ததை நான் எடுக்கும்போது ஒரு தடவையும் வெட்டி ஒட்டும்போது பத்துத் தடவையும் பார்த்திருக்கிறேன். ஆகவே என் கஷ்டம் உங்களுக்கு விளங்கும் என்ற துணிவில்தான் இதை எழுதுகிறேன்.

ஐந்து நிமிடம் தேவை

ஜெர்மனியில் எட்டு வருடம் பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டு லண்டனுக்கு வந்து இல்ஃபோர்டில் ஒரு சின்ன வீடியோக் கடை போட்டேன். கசெட் போய் டிவிடி வந்துகொண்டிருந்த காலம். கடையில் என்னோடு கூட்டுச் சேர்ந்த சிவா அண்ணை போட்டோ எடுப்பார், நான் வீடியோ. எங்களுக்கு வந்த பெரிய முறைப்பாடு ஒன்றுதான். பெண் தாய் தகப்பன் காலில் விழுந்து, அழுது, காரில் ஏறிப் போகும் ஐந்து நிமிடக் கட்டத்துக்கு எல்லார் டிவிடியிலும் ஒரே சினிமாப் பாட்டு. "இது என்ர மச்சாளின்ர வீடியோவோ, என்ர வீடியோவோ?" என்று ஒரு பெண் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்.

ரோசம் வந்து, லண்டன் நடுவில் இருந்த ஒரு பெரிய இசைக் கடைக்குப் போனேன். வெளிநாட்டுத் தட்டில் ஒரு ஜப்பான் சீடி. அட்டையில் குட்டை முடி வைத்த பெண் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். கடைக்காரப் பையன் ஹெட்போனைத் தந்தான். இந்தப் பாடகியின் முதல் நாலு பாட்டையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். கம்பெனி அவளைக் கைவிட இருந்த நேரம் இந்த ஐந்தாவது பாட்டு வந்து அவளை எங்கேயோ தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். முதலில் பியானோ. பிறகு அவள் மூச்சை இழுக்கும் சத்தம்கூடக் கேட்கிறது. பிறகு குரல். எனக்கு மயிர் கூச்செறிந்தது. எதைப் பற்றிய பாட்டு என்று கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. என் கடைக்கு வந்து காட்சியோடு சேர்த்துப் போட்டுக் காட்டினேன். சிவா அண்ணை கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இழுக்கிறாள். கார் வெளிக்கிடும் மட்டும் நீளம் காணும்."

எந்த நாடென்றாலும் சரி

பாட்டு பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டது என்றால் சாதாரணமாக அல்ல. கல்லுப்போல இருந்த தகப்பன்மார்கூட அந்தப் பியானோ தொடங்கியதும் மூக்கை உறிஞ்சினார்கள். ஆறு மாதத்துக்குள் கலியாணங்களைத் தாண்டி, பெண்பிள்ளை பெரியவளானால் செய்யும் சாமத்தியவீட்டுக்கும் போனது. ஒரு வயதுப் பிறந்தநாளுக்கும் போனது. கேக் வெட்டும் குழந்தைக்கு ஏன் இவ்வளவு உருக்கம் என்று எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் கேட்டு வருகிறவர்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்ப நான் என்ன சந்நியாசியா?

ஈஸ்ட்ஹாமில் இருந்து ஒரு அக்கா மகளின் சாமத்தியவீட்டுக்கு ஓடர் கொடுக்க வந்தார். "அந்தச் சீனப் பாட்டைப் போடுங்கோ" என்றார். சீனம் இல்லை அக்கா, ஜப்பான் என்று திருத்தினேன். அவர் கைப்பையை மூடிக்கொண்டே சொன்னார்: "எந்த நாடெண்டாலும் பரவாயில்லைத் தம்பி, எங்கட வீட்டுச் சனம் அழவேணும்."

குறை சொல்லக் கூடாத கலியாணம்

துஷாவின் கலியாணம் வந்தது அதற்குப் பிறகுதான். அவளுடைய தாய் புஷ்பா அக்கா எங்கள் தெருவிலேயே இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் துஷாவுக்கு ஒரு இடத்தில் நிச்சயமாகி, கார்ட் அடித்து, ஹோலும் பிடித்த பிறகு, மூன்று கிழமை இருக்கும்போது மாப்பிள்ளை வேண்டாம் என்றுவிட்டான். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாதபடியால் ஊரே ஆளுக்கொரு காரணம் சொன்னது. இப்போது குரோய்டனில் இருந்து நல்ல இடம் வந்திருந்தது. நகரத்தில் ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை செய்யும் அமைதியான பெடியன். ஆனால் மாப்பிள்ளையின் தாய் சகுனம் பார்க்கிறவர் என்று கேள்வி.

கலியாணம் முடிந்து எடிட்டிங் நடக்கும்போதே புஷ்பா அக்கா கடைக்கு வந்து கதிரையைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு இருந்துகொண்டார். மணவறையில் காற்றுக்கு ஒரு விளக்கு நூந்திருந்தது. அதை வெட்டச் சொன்னார். ஒருவர் தும்மியது கேட்டது. அதையும் வெட்டச் சொன்னார். கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெரியப்பாவையும் வெட்டச் சொன்னார். அவர் எல்லா இடத்திலும் நின்றபடியால் முடியவில்லை. கடைசிக் கட்டத்தில் ஜப்பான் பாட்டு வந்தபோது மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். எழும்பிப் போகும்போது என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "இந்த முறை என்ர பிள்ளையை ஆரும் ஒரு சொல்லுச் சொல்லக் கூடாது தம்பி. வீடியோவிலயும்தான்."

கசெட் மாற்ற வந்தவர்

ஜப்பான் வீடியோக் கசெட் இங்கத்தைய டெக்கில் ஓடாது, இங்கத்தைய முறைக்கு மாற்றிக் கொடுக்கவேண்டும். அப்படி ஒரு கசெட்டைத் தந்துவிட்டுப் போயிருந்த ஜப்பான் பெண்மணி ஒருவர் ஒரு புதன்கிழமை மத்தியானம் அதை வாங்க வந்தார். துஷாவின் டிவிடிகளைக் கொடுத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கனடாவுக்கு அனுப்பக் கூடுதலாக ஒரு பிரதி கேட்டிருந்தார்கள். கடைசிக் கட்டம் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். வாயில் கை வைத்தார். கண் கலங்குகிறார் என்று நினைத்து நான் பெருமையோடு சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

அவர் மெதுவாக, இங்கிலீஷில், பாட்டின் பொருளைச் சொன்னார். மூன்று வருடம் ஒருவனோடு வாழ்ந்த பெண் அவன் இல்லாத நேரம் அவன் வீட்டைவிட்டுப் போகிறாள். கண்ணாடிக் குவளையில் இருந்த இரண்டு டூத் பிரஷில் தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொள்கிறாள். கதவைப் பூட்டி, பூட்டிய திறப்பைக் கதவிலுள்ள கடிதப் பெட்டிக்குள் போட்டு, அது உள்ளே விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். "இனி நான் தட்டினாலும் திறக்காதே" என்றுதான் அந்தப் பெரிய இழுவை முடிகிறதாம். ஜப்பானில் அந்த வருடம் காதல் முறிந்த பெண்கள் எல்லோரும் அதைக் கேட்டுத்தான் அழுதார்களாம். டிவியில் துஷா மாலையோடு காரில் ஏறிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா கசெட்டைப் பையில் வைத்துக்கொண்டு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "எங்கள் ஊர்க் கலியாணத்தில் இதைப் போட்டால் மாப்பிள்ளை எழுந்து போய்விடுவார்."

மந்திரம் விளங்கியதா?

அவர் போனதும் ஓடர்க் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். பதினாலு கலியாணம், ஆறு சாமத்தியவீடு, ஒரு பிறந்தநாள். இருபத்தொரு வீட்டில் இருபத்தொரு பேர் திறப்பைக் கடிதப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மற்ற இருபதைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. அங்கே யாருக்கும் ஜப்பான் மொழி தெரியாது. பயமெல்லாம் துஷாவைப் பற்றித்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை குரோய்டனில் சொந்தக்காரரைக் கூப்பிட்டு டிவிடி போட்டுக் காட்டப்போகிறார்கள் என்று புஷ்பா அக்கா சொல்லியிருந்தார். மாப்பிள்ளையின் மனேஜரும் வருகிறார். அவர் ஜப்பான்காரர். கலியாணத்துக்கு வந்து முன் வரிசையில் இருந்த அவரை நானேதான் மூன்று கோணத்தில் எடுத்திருந்தேன். அந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சகுனம் பார்க்கும் மாமியார் காதில் விழுந்தால் போதும். ஒரு முறை அவமானப்பட்ட பிள்ளைக்கு இரண்டாவது முறையும் ஊர் வாய் திறக்கும். அதற்குக் காரணம் நானாக இருப்பேன்.

வேறு பாட்டைப் போட்டுப் புது டிஸ்க் அடிக்கத் தொடங்கினேன். சிவா அண்ணைக்கு அது சிரிப்பாக இருந்தது. பற்றீசைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "ஐயர் ஒண்டரை மணித்தியாலம் சொன்ன மந்திரம் ஆருக்கடா விளங்கினது? கலியாணம் நடக்கேல்லையோ?"

எடுக்கத் தராத டிஸ்க்

சனிக்கிழமை குரோய்டனுக்குப் போனேன். மாமியார்தான் கதவைத் திறந்தார். டிஸ்கில் ஒரு கீறல் இருக்கிறது, புதிது கொண்டுவந்திருக்கிறேன் என்று பொய் சொன்னேன். "கீறலோ? நாங்கள் மூண்டு தரம் பாத்திட்டம், நல்லாத்தானே ஓடுது" என்றார். ஆனாலும் தேத்தண்ணி போட உள்ளே போனார். துஷா வந்து எதிரில் இருந்தாள். நேரம் இல்லை. குவளை, டூத் பிரஷ், திறப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, மன்னித்துக்கொள் தங்கச்சி என்றேன். அவள் முகம் மாறவில்லை.

அலமாரியில் இருந்த டிஸ்கை எடுக்கப் போனேன். அவள் எனக்கு முன்னே எழும்பி அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தேத்தண்ணிக் கோப்பைகளின் சத்தம் கிட்ட வந்தது. அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எனக்குத் தெரியும் அண்ணை. அவருக்கும் தெரியும். நீங்கள் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ."

திங்கட்கிழமைப் போன்

அந்த ஞாயிறு முழுக்கப் போனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். போன் அடிக்கும்போதெல்லாம் புஷ்பா அக்காதான் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை துஷாவே எனக்குப் போன் எடுத்தாள். எல்லோரும் வந்தார்களாம். மனேஜர் கடைசி வரையும் அசையாமல் இருந்து பார்த்தாராம். பாட்டுத் தொடங்கியதும் ஒரு தரம் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாராம். மாப்பிள்ளை தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டினாராம். அதற்குப் பிறகு மனேஜர் திரும்பிப் பார்க்கவில்லையாம். போகும்போது துஷாவுக்கு மட்டும் நன்றாகக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டாராம். அந்த வாய் திறக்காத நல்லதனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

உனக்கு அந்தப் பாட்டு எப்படித் தெரியும் என்று கேட்டேன். யூனிவர்சிட்டியில் படித்தபோது பக்கத்து அறையில் ஒரு ஜப்பான் பிள்ளை இருந்தாளாம். முதல் கலியாணம் குழம்பியபோது அவள்தான் அந்தப் பாட்டைக் கொடுத்து, ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தாளாம். இந்த மாப்பிள்ளையிடம் அதையும் சொல்லித்தான் கலியாணத்துக்குச் சம்மதித்தாளாம். கடைசியில் சொன்னாள்: "அந்த நேரம் எங்கட வீட்டில ஒருத்தரும் அழேல்லை அண்ணை, ஹோலுக்கும் ஐயருக்கும் போன் பண்ணுறதிலயே நிண்டவை. நான் மட்டும் தனிய இருந்து அழுதனான். நேற்று அம்மா, மாமி எல்லாரும் அதே பாட்டுக்கு அழுதினம். எனக்கு அது போதும்."

இப்போதெல்லாம் எந்தப் பாட்டையும் பொருளை நன்றாக விசாரித்துவிட்டுத்தான் போடுகிறேன்; சனம்தான் முன்னைப்போல அழுவதில்லை.