பொட்டு வைத்த கம்ப்யூட்டர்கள்

போன வாரம், சரஸ்வதி பூஜையன்று, கோயில் மண்டபத்தில் ஒரு சண்டை போட்டேன். செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் போட்டேன். மரியாதை முக்கியம் இல்லையா?

விஷயம் இதுதான். சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் இருக்கிறது அந்தக் கோயில். மண்டபத்தை ஒட்டிய சின்ன அறையில் ஐந்து கம்ப்யூட்டர்கள் வைத்திருக்கிறோம். பாலம் தாண்டிப் பிறையில் நான் வேலை பார்க்கும் ஆபீசில் கழித்துப் போட்டவை. குப்பைக்குப் போக இருந்தவற்றை மேனேஜரை நச்சரித்து வாங்கி வந்தேன். வீட்டில் கம்ப்யூட்டர் வாங்க வழியில்லாத பிள்ளைகள் சாயங்காலம் வந்து பழகுகிறார்கள். ஆளுக்கு அரை மணி நேரம். அதற்கே வாசலில் அடிதடி!

அவர்களில் ஒருத்தி வசந்தி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் பிறையில் ஒரு ஃபேக்டரியில் சேர்ந்தாள். பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் வேலை. நாள் முழுக்க நின்றபடி. அதே ஃபேக்டரியின் ஆபீசில் கம்ப்யூட்டரில் டைப் செய்யும் கிளார்க் வேலை ஒன்று காலியானது. விஜயதசமி காலையில் டெஸ்ட். பாஸானால் நைட் ஷிப்ட் கிடையாது, உட்கார நாற்காலி உண்டு. இல்லையென்றால்... மறுபடியும் பெட்டி, டேப், கால்வலி.

வசந்தி டைப்ரைட்டிங் படித்தவள். விரல் பறக்கும். ஆனால் ஒரு தொல்லை. ஒவ்வொரு வரி முடிவிலும் அவளுடைய இடது கை தானாக எழும்பி, டைப்ரைட்டர் கைப்பிடியைத் தள்ளுகிற மாதிரி காற்றைத் தள்ளும். இடது பக்கம் உட்கார்ந்திருந்த பையன் ஒருநாள் கன்னத்தில் வாங்கியும் இருக்கிறான். அந்தக் கையை அடக்க மிச்சம் இருந்தது ஒரே ஒரு சாயங்காலம். அது பூஜை சாயங்காலம்.

போய்ப் பார்த்தால்... ஐந்து கம்ப்யூட்டர்களும் மஞ்சள் பட்டு போர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்து, கழுத்தில்லாத குறையாக மாலையும் போட்டுக்கொண்டு கல்யாணப் பெண்கள் போல உட்கார்ந்திருக்கின்றன!

பக்கத்தில் முத்தையா அண்ணன். மண்டபத்தின் செயலாளர். லாரி ஓட்டுகிறவர். தங்கமான மனிதர். அறைக்கு ஃபேன் மாட்டிக் கொடுத்ததே அவர்தான்.

“சாமிகிட்ட வச்சாச்சு தங்கச்சி. நாளைக்குக் காலையில பூஜை பண்ணிட்டுத்தான் தொடணும் லா” என்றார்.

“நாளைக்குக் காலையில இந்தப் பிள்ளைக்கு டெஸ்ட் அண்ணே!”

“அதுக்கு நான் என்னம்மா செய்யறது? இன்னைக்குப் புத்தகத்தையே தொட மாட்டோம். இதத் தொடலாமா?”

எனக்கு வந்ததே கோபம்! “சரஸ்வதி உங்ககிட்ட வந்து சொன்னாளா, எந்தப் பிள்ளையும் படிக்க வேணாம்னு?” என்று கத்திவிட்டேன். ஓடிக்கொண்டிருந்த நாதஸ்வர கேசட்டை யாரோ நிறுத்தினார்கள். சாமிக்கு இடைஞ்சல் என்றா? இல்லை, சண்டை சரியாகக் காதில் விழ வேண்டுமாம்.

என் கத்தலுக்கு அண்ணன் அசையவில்லை. வசந்திதான் மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணே, காலையில உங்க லாரிக்கும் பொட்டு வச்சீங்கதானே?”

“வச்சேன். எலுமிச்சம்பழம்கூட நசுக்கினேன்.”

“அப்புறம் லாரிய எங்க விட்டீங்க?”

அண்ணன் தொண்டையைச் செருமினார். “பிறைக்கு லோடு ஏத்திக்கிட்டுப் போனேன்.”

“சாமி கும்பிட்ட லாரியையா?”

“அது என் லாரியா? தவுக்கேயோட லாரி லா. முதலாளி சும்மா இருப்பானா? ஓட்டலன்னா என் வேலை போயிடும்.”

“எனக்கும் அதேதான் அண்ணே. இன்னைக்கு ஓட்டலன்னா எனக்கு வேலை கிடைக்காது.”

அண்ணன் சரஸ்வதி படத்தைப் பார்த்தார். வசந்தியைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

“யாரு அங்க? கற்பூரத்தக் கொண்டாங்க. பூஜைய இப்பவே முடிச்சிடுவோம்.”

ஆரத்தி காட்டியதும் ஒரு கம்ப்யூட்டரின் பட்டுத் துணியை அவரே விலக்கினார். “ஒண்ணுதான்! மத்ததெல்லாம் நாளைக்கு வரைக்கும் சாமிக்கு” என்று கறாராகச் சொன்னார். திரையில் வழிந்த சந்தனத்தைத் தன் துண்டாலேயே துடைத்தார்.

மண்டபம் சாத்தும் வரை வசந்தி எழுந்திருக்கவே இல்லை. அண்ணன் அவளுடைய இடது பக்கத்திலேயே நின்றுகொண்டார். கை எழும்பும்போதெல்லாம் “ஏய், கை... கை!” என்று ஓர் அதட்டல். கடைசியில் அந்தக் கை அடங்கியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பாஸாகிவிட்டாள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஆகவில்லை.

டெஸ்ட் அறையில் இருந்தது புது கம்ப்யூட்டர். கலர் திரை, அதில் குட்டிக் குட்டிப் படங்கள். கீபோர்டுக்குப் பக்கத்தில், வயர் வைத்த சோப்புக்கட்டி மாதிரி ஒரு சாமான். அதை மௌஸ் என்கிறார்கள். அதைப் பிடித்து நகர்த்தினால்தான் எதுவும் திறக்கும். நம் கம்ப்யூட்டர்களில் அது ஏது? கறுப்புத் திரையும் பச்சை எழுத்தும்தான்.

“எந்த கீயத் தட்டினாலும் தொறக்கலக்கா. வெட்கத்த விட்டுக் கேக்கறதுக்குள்ள டைம் முடிஞ்சிருச்சு” என்றாள். அந்த விரல்களின் வேகத்தை அங்கே ஒருவரும் பார்க்கவே இல்லை.

இல்லாத வீட்டுப் பிள்ளைகள் என்றால் நாம் ஏன் எப்போதும் நமக்கு வேண்டாததையே எடுத்துக் கொடுக்கிறோம்? பழைய சட்டை, பழைய பை, பழைய கம்ப்யூட்டர். சட்டையாவது பரவாயில்லை, உடம்பை மறைக்கும். கம்ப்யூட்டர் அப்படியா? நேற்றைய மிஷினைக் கொடுத்துவிட்டு, இன்றைய டெஸ்டில் ஜெயித்து வா என்றால் என்ன நியாயம்? கொடுத்துவிட்டோம் என்ற பெருமை மட்டும் நமக்குக் குறைவில்லை!

விஜயதசமி சாயங்காலம், ஃபேக்டரி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் மண்டபத்துக்கு வந்து இதையெல்லாம் சொன்ன வசந்தி அழுவாள் என்று நினைத்தேன். கைக்குட்டையைக்கூட எடுத்துவிட்டேன். அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

“அடுத்த மாசம் இன்னொரு இடம் காலியாகுதாம்க்கா. திரும்ப டெஸ்ட் எழுதலாம்னு சூப்பர்வைசர் சொன்னாங்க. அந்த மௌஸ் எங்கக்கா கிடைக்கும்?”

“நம்ம மிஷின்ல அத மாட்ட முடியாதா?” என்று கேட்டார் முத்தையா அண்ணன்.

“மாட்டினாலும் அந்தப் படமெல்லாம் இதுல ஓடாது அண்ணே” என்றேன்.

“அப்ப ஓடுற மிஷினாக் கேளுங்க லா, தங்கச்சி! கேக்கறதுக்கு என்ன வெட்கம்?”

சரிதானே? நாளைக்குக் காலையில் மறுபடியும் மேனேஜர் அறைக்குப் போகிறேன். கழித்துப் போட்டது ஏதாவது கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து நிமிர்ந்து பார்ப்பார். இல்லை, சார்...

உங்கள் மேசைமேல் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறதே — அதுதான் வேண்டும்!