கரும்புச்சாறு கடைக்காரரின் பெயர்

ஸுஹைர் பயந்தாங்கொள்ளி. டிராம் நடத்துநரின் மகள். போலீஸ்காரரைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள். அலெக்சாந்திரியாவில் வேறு வேலையா இல்லை? அரசியல் அறிவியல் துறையில் சேர்ந்து, பஞ்சாலை வேலைநிறுத்தத்தை முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டாள். கேட்டால், "யாராச்சும் எழுதணும்ல?" என்பாள்.

அந்த ஆலை இருந்த ஊரில் தறி ஓட்டும் மஹ்ரூஸ் அவளை நம்பி எல்லாவற்றையும் சொன்னார். யார் முதலில் தறியை நிறுத்தியது, தடியடியில் தம்பி எப்படிச் செத்தான், எல்லாம். பேசியவரின் உண்மைப் பெயரை ஆய்வில் போடக் கூடாது. திரும்பும் வழியில் வேன் ஜன்னலுக்கு வெளியே ஒரு கரும்புச்சாறு கடைப் பலகை தெரிந்தது: ஃபிக்ரி அஷ்மாவி. அதையே மஹ்ரூஸுக்கு வைத்துவிட்டாள். அட பாவி, அதே ஊர்க்காரர் பெயரா கிடைத்தது! சோம்பல், வேறென்ன.

அந்த அத்தியாயத்தைத் துறைக் கருத்தரங்கில் வாசித்தபோது, கடைசி வரிசையில் முன்பின் தெரியாத ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் ஒரு பெண் துறை வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, நான் ஃபிக்ரி அஷ்மாவி சம்சாரம். ஸ்ட்ரைக்கைப் பத்தி யுனிவர்சிட்டிப் பொம்பளகிட்ட என்னடா பேசினேன்னு போலீஸ்ல அவரப் போட்டு அடிக்கிறாங்க. அந்த மனுஷன் கரும்பத் தவிர எதையும் பிழிஞ்சதில்லம்மா! உங்ககிட்ட அப்படி என்னதான் சொன்னாரு?"

ஸுஹைர் தன் ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியர் முனீரின் அறைக்கு ஓடினாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் கதவைத் தாழிட்டார்.

"வாயத் திறக்காத. மாத்தி வெச்ச பேருன்னு சொன்னா, நிஜப் பேரக் கேப்பான். நீ தாங்க மாட்டே."

"தாங்க மாட்டேன் சார். ஒரு அறை விட்டா மஹ்ரூஸ் பேரச் சொல்லிடுவேன்" என்று அழுதாள். அடியைவிடத் தன் வாயை நினைத்துத்தான் அவளுக்கு அதிகப் பயம்.

ஆனாலும் மறுநாள் காலை போலீஸ் நிலையத்துக்குப் போனாள். அதிகாரி தேநீர் கொடுத்தார்.

"ஃபிக்ரி உங்ககிட்ட பேசலையா? அப்ப யாரும்மா பேசினது?"

"யாருமில்ல சார். நானே கட்டிவிட்டது. பேரு கடைப் பலகையில பாத்தது. சீக்கிரம் பட்டம் வாங்கணும்னு பொய்யா எழுதிட்டேன்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "படிச்சவங்க பொழப்பு இவ்வளவுதானா!" அதையே எழுதி வாங்கிக்கொண்டார். மாலையில் ஃபிக்ரி வீட்டுக்கு வந்துவிட்டார். பொய் ஆய்வு எழுதினாள் என்று ஸுஹைரைத் துறையிலிருந்து நீக்கினார்கள். உண்மை தெரிந்த முனீரும் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார். வேறென்ன செய்வார், பாவம்.

அன்று முதல் அவள் போகுமிடமெல்லாம் செய்தித்தாளும் கையுமாக ஒருவன் பின்தொடர்ந்தான். ஒருநாள் டிராம் நிறுத்தத்தில் அவனுக்கு எதிரிலேயே மஹ்ரூஸ் வந்து நின்றார்.

"டாக்டரம்மா, எல்லாம் பொய்னு எழுதிக் குடுத்துட்டீங்களாமே? என் தம்பி..."

செய்தித்தாள் கொஞ்சம் தாழ்ந்தது.

"யாருய்யா நீ?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். "ஆள் தெரியாம வந்து பேசுற! போய்யா அந்தப் பக்கம்!"

அவர் அவளையே பார்த்தார். பிறகு தரையில் துப்பிவிட்டுப் போனார்.

டிராம் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அந்த ஆளும் பின்னாலேயே ஏறி, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மஹ்ரூஸ் பின்னால் யாரும் போகவில்லை.