அடுப்பு மூட்டாத விருந்து

அடுப்பு மூட்டாமலே ஆட்களைக் கூப்பிட்டு விருந்து வைக்கலாம் என்று சுவிஸ் மாமி சொன்னபோது அம்மா சிரித்த சிரிப்பு, கல்வேலி தாண்டிப் பக்கத்து வளவு வீட்டுக்கும் கேட்டிருக்கும். மாமி என் அப்பாவின் தங்கை. கலியாணம் கட்டி நெடுந்தீவை விட்டுப் போனவர், எத்தனையோ வருடம் கழித்து அந்த ஆடி மாதந்தான் முதல் தடவையாக ஊருக்கு வந்திருந்தார். மாமாவுக்கு அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. வெயில் காலத்தில் லீவு கிடையாது. அவர்களுடைய ஒரே மகன் அப்போதுதான் கார் ஓடுவதற்கு லைசென்ஸ் எடுத்திருந்தான். இந்த வெயிலுக்குள் தன்னால் வர ஏலாது என்று நின்றுவிட்டானாம். ஆகவே மாமி தனியாக வந்தார், சூட்கேஸ் நிறைய சொக்கிலேட்டும் துவாயில் சுற்றிய பெரிய சீஸ் கட்டிகளுமாக.

"பச்சையாய் வெட்டி வைக்கிறதுக்குப் பேர் சாப்பாடோ? ஊர்ச்சனம் எங்களைப் பாத்துச் சிரிக்கும்" என்றார் அம்மா.

"அங்க வெயில் காலத்திலை ஒருத்தரும் அடுப்படிக்குப் போகாயினம் மச்சாள். ஏரிக்கரையிலை ஒரு பலகையை வைச்சு, பழமும் சீஸும் வடிவா அடுக்கினால், எல்லாரும் சுத்தி நிண்டு சாப்பிடுவினம். அந்தப் பலகை அடுக்கிறதிலை இவரை மிஞ்ச அந்த ஹோட்டலிலை ஆள் இல்லை."

கடைசியில் இருவரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் எல்லாரும் சாப்பிட வருவார்கள். ஆட்டிறைச்சியும் நண்டுக் குழம்பும் அம்மாவின் பொறுப்பு. மாமியின் பலகை ஒரு பக்கத்தில் அழகுக்கு இருக்கலாம். மாமி அதைச் செய்து முடித்ததும் தொலைபேசியில் மாமாவுக்கு வீடியோவில் காட்டுவது என்று ஏற்பாடு. சனிக்கிழமை அப்பா யாழ்ப்பாணம் சந்தைக்குப் போய், கடைசிப் படகில் இரண்டு கடகம் பழத்தோடு வந்து இறங்கினார்.

பத்து வயதான நான் மாமியின் உதவியாள். உதவியாளுக்கு முதலில் சீஸ் தின்னத் தெரியவேண்டும் என்று மாமி ஒரு துண்டை வெட்டி என் வாயில் வைத்தார். காலில் போட்ட பழைய சப்பாத்தின் மணம். மாமி திரும்பிய நேரம் பார்த்து அதைத் துப்பி நாய்க்குப் போட்டேன். நாய் முகர்ந்து பார்த்துவிட்டு, என்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, மரத்தடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

ஞாயிறு விடியும்போது தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. கடலில் ஒரு படகும் இறங்காது என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு அது கவலையாக இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் தீவுக்குள் இருப்பவர்கள்தான், பழமும் வந்து சேர்ந்துவிட்டது. அப்பா தொலைபேசியைக் காதில் வைத்தபடி வேலியோர ஒழுங்கைக்குள் போனதையும், திரும்பி வந்து அம்மாவைக் குசினிக்குப் பின்னால் கூப்பிட்டதையும் கண்டேன். கண்டேன் என்பதோடு சரி. எனக்குப் பப்பாப்பழத்தின் விதையை வழிக்கும் வேலை இருந்தது.

அப்பா அங்கே அம்மாவிடம் சொன்னது என்ன என்பது எனக்குப் பல வருடம் கழித்து, கோவையாகத் தெரிய வந்தது. முதல் நாள் இரவு வேலை முடியும் நேரத்தில் மாமா ஹோட்டல் குசினியில் சுருண்டு விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் உயிர் போய்விட்டது. அங்கிருந்த சொந்தக்காரர்கள் மாமிக்கு நேரே சொல்லப் பயந்து அப்பாவுக்குப் போன் எடுத்திருக்கிறார்கள். அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொன்னால் தங்கை எங்கே போவாள்? படகு இல்லை. கடலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த நாள் விடியும்வரை கிடக்க வேண்டியதுதான். காற்று விழுந்து படகு ஓடத் தொடங்கும்போது சொல்லலாம், அதுவரை மறைப்போம் என்று முடிவெடுத்தார். விருந்தை நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள், ஆகவே விருந்தும் நடக்கட்டும் என்றார். வருகிறவர்களுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி விசயத்தைச் சொல்லியாயிற்று. ஆடு வெட்ட வந்தவரை வாசல் படலையிலேயே திருப்பியாயிற்று.

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், ஒன்றைத் தவிர. இழவு விழுந்த வீட்டில் பிணம் எடுக்கும்வரை அடுப்பு எரியக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிணம் எங்கோ பனிமலை நாட்டில் கிடந்தால் என்ன, செத்தவருடைய பெண்சாதி இருக்கிற வீடு இது. பொய் சொல்வதென்றால் அம்மாவுக்கு வரும், அந்த அடுப்பை எரிக்க வராது. உலை வைத்திருந்த பானையை இறக்கி, அந்தத் தண்ணீரையே அடுப்பில் ஊற்றிவிட்டு வெளியே வந்தார்.

"காத்து இப்பிடி அடிக்குது. கிடுகுக் குசினி, ஒரு பொறி பறந்தாப் போதும். இண்டைக்கு நெருப்பு வேண்டாம். உம்மடை பழத்தட்டையே வையும்."

மாமி மடியில் மாம்பழமும் கையில் கத்தியுமாக மரத்தடியில் இருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு குசினிக் கூரையைப் பார்த்தார். கிடுகுகளுக்கு ஊடாகக் கடைசிப் புகை கிளம்பி, காற்றில் சிதறிப் போனது.

"ஓம் மச்சாள்" என்றார். மாம்பழத்தின் தோலைச் சீவத் தொடங்கினார்.

நான் துள்ளிக் குதித்தேன். மாமி வென்றுவிட்டார்! ஆனால் வென்றவருடைய முகத்தில் ஒரு சந்தோசத்தையும் காணோம் என்பது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது.

அப்பா வந்து, கரண்ட் நின்றுபோய்விட்டது, உன் தொலைபேசியைத் தா, கடை ஜெனரேற்றரில் சார்ஜ் போட்டுக்கொண்டு வாறன் என்றார். மாமி மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார்.

பெரிய பலகைக்கு நாங்கள் எங்கே போவது? பழைய அலுமாரியின் கதவு ஒன்று கழன்று கிடந்தது. அதைக் கழுவித் துடைத்து, இரண்டு மர வாங்குகளுக்கு மேல் கிடத்தி, வாழையிலை விரித்தோம். மாமாவின் முறைப்படி முதலில் கிண்ணங்கள் வைக்க வேண்டும்: ஒன்றில் தேன், ஒன்றில் வறுத்த கச்சான் கடலை, ஒன்றில் மாதுளம் முத்து. கிண்ணங்களைச் சுற்றிச் சீஸ் துண்டுகள், விசிறி விரித்தது போல ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பெரிய பழங்கள். வத்தகப்பழத்தைத் தோலோடு முக்கோணமாக வெட்டி நிமிர்த்தி வைத்தார். பப்பாப்பழத்தை நீளவாட்டில் கீறிப் படகாக்கினார். வெட்டிய வாழைப்பழம் கறுத்துப் போகாமல் தேசிக்காய்ப் புளி தடவுவது என் வேலை. கறுத்த கொடிமுந்திரிகைக் குலைகளை ஓரங்களில் தொங்கவிட்டு, மிஞ்சிய இடைவெளிகளில் உப்புப் பிஸ்கட்டைச் செருகினோம். வாழையிலை எங்கேயும் தெரியக்கூடாதாம். உண்மையைச் சொன்னால், அப்படி ஒரு வடிவான பொருளை நான் அதுவரை கண்டதில்லை. கோயில் தேரை விடவும் எனக்கு அதுதான் வடிவாகத் தெரிந்தது.

மாமி தள்ளி நின்று பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் கலைத்தார்.

"ஏன் மாமி?"

"ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு. திருப்பி அடுக்குவம்."

திருப்பி அடுக்கினோம். அதையும் கலைத்தார். எனக்கு அழுகை வரப் பார்த்தது. சீஸ் வெயிலில் வேர்த்து, விளிம்பெல்லாம் எண்ணெய் கசிந்தது. மாமி விடாமல் பேசிக்கொண்டே இருந்தார், பேச்செல்லாம் தன் மகனைப் பற்றித்தான். அவனுக்கு அன்னாசி தின்றால் நாக்குக் கடிக்குமாம். சின்ன வயதில் முந்திரிகை விதையை மூக்குக்குள் விட்டுவிட்டானாம். கார் ஓடும்போது சுருக்காகத் திருப்புவானாம், எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டானாம். இடையிடையே, அதைக் கொண்டு வா, இதைக் கொண்டு வா என்று என்னைக் குசினிக்கு அனுப்பினார். எட்டி எடுக்கக்கூடிய தூரம், ஆனாலும் அன்று முழுக்க மாமி குசினி வாசலை மிதிக்கவில்லை.

"மாமி, மாமாவுக்குக் காட்டவேணும் எண்டு சொன்னனீங்கள். அப்பாட்டைப் போய்ப் போனை வாங்கிக்கொண்டு வரட்டோ?"

மாமியின் கை நின்றது. "பிறகு பாப்பம்" என்றார்.

மத்தியானம் சனம் வந்தது. வந்தவர்கள் எல்லார் கையிலும் ஒவ்வொரு ஏனம். புட்டு, சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி. சாவு வீட்டுக்கு அயலவர்கள் சமைத்துக்கொண்டு வரும் வழக்கத்தை அவர்களாலும் விட ஏலவில்லை. நான் நினைத்தது வேறு: இந்த வீட்டில் சீஸ்தான் சாப்பாடு என்று கேள்விப்பட்டு, பயத்தில் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே கொண்டு வந்துவிட்டார்கள் என்று. மாமி ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தார். மீன் இல்லை, இறைச்சி இல்லை, ஒரு நெத்தலிக் கருவாடுகூட இல்லை. திறந்ததுபோலவே மூடி வைத்தார்.

பலகையைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். ஒருவரும் தொடவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மூன்று தடவை அடுக்கிய எங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? கடைசியில் அப்பா ஒரு சீஸ் துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றுகொண்டே இருந்தார், விழுங்குகிற பாடாய் இல்லை. பக்கத்து வளவுப் பெரியம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"என்ன அக்கா?" என்று மாமி கேட்டார்.

"கண்ணுக்குள்ளை தூசி. பாழாய்ப் போன காத்து."

அன்று எல்லாப் பழியும் சோளகத்தின் தலையில்தான்.

ஒருவாறு நாலு வாய் சாப்பிட்டுவிட்டு ஆட்கள் கிளம்பினார்கள். மாமி படலையடியில் போய் நின்று, "போட்டு வாங்கோ, போட்டு வாங்கோ" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். ஒருவராவது வாய் திறக்கவேண்டுமே! தலை குனிந்துகொண்டு, ஒருவர் பின் ஒருவராக ஒழுங்கையில் இறங்கினார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு வெளிக்கிடக்கூடாது. காலையிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டு எவ்வளவோ சாமர்த்தியமாக நடித்தவர்களுக்கு, அந்த ஒரு சொல்லைப் பொய்யாகச் சொல்லும் துணிவு வரவில்லை.

கடைசியாகப் பெரியம்மா தன் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். அவன் என்னைவிடச் சின்னவன், நல்லபடி பழக்கிய பிள்ளை. படலையில் நின்று, "போட்டு வாறன் மாமி" என்றான். பெரியம்மா பதறிப்போய் அவனுடைய வாயில் பளார் என்று ஒன்று போட்டார். பையன் வீரிட்டான். பெரியம்மா மாமியைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டு அவனைத் தூக்கியபடி ஓட்டமும் நடையுமாகப் போனார்.

மாமி படலையைச் சாத்தினார். பிறகு கிணற்றடியில் நின்ற அப்பாவிடம் நேரே நடந்தார். நான் அவருக்குப் பின்னாலேயே போனேன்.

"அண்ணை, இனிச் சொல்லுங்கோ."

"என்னத்தைப் பிள்ளை?"

"மச்சாள் அடுப்புக்குத் தண்ணி ஊத்தேக்கையே எனக்குத் தெரியும். நானும் இந்த ஊரிலை பிறந்தனான்தானே? கேட்டா நீங்கள் சொல்லிப்போடுவியள் எண்டுதான் கேக்கேல்லை. ஆர் அண்ணை? பெடியனோ?"

அப்பா இல்லை என்று தலையாட்டினார். "பெடியன் சுகமா இருக்கிறான். உன்ரை மனுசன்தான், பிள்ளை. ராத்திரி, வேலை முடியிற நேரம்…"

"பெடியனுக்கு ஒண்டும் இல்லையே? என்ரை தலையிலை கை வைச்சுச் சொல்லுங்கோ."

அப்பா தங்கையின் தலையில் கை வைத்தார். "சத்தியமா ஒண்டும் இல்லை."

மாமி கண்ணை மூடினார். இரண்டு கைகளையும் கூப்பி, "முருகா" என்றார். எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று டாக்குத்தர் சொன்னபோது அம்மா சொன்ன அதே முருகா. காலையிலிருந்து இறுகிக் கிடந்த முகம் அப்படியே தளர்ந்தது. மாமிக்குப் பக்கத்தில் நின்ற நான் அதை வடிவாகப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. கிணற்றுக் கட்டோடு சரிந்து, மாமாவைக் கூப்பிட்டு அவர் கத்திய சத்தத்துக்கு, ஒழுங்கையில் போய்க்கொண்டிருந்த சனம் அத்தனையும் திரும்பி ஓடி வந்தது.

மறுநாள் காற்று விழுந்ததும் முதல் படகில் அப்பா மாமியைக் கூட்டிக்கொண்டு போனார். நான் வழியனுப்பப் போகவில்லை. புருசன் செத்த செய்தி கேட்டுக் கை கூப்பிக் கும்பிட்ட பெண்ணை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. மாமாவில் அவருக்குக் கொஞ்சமும் விருப்பம் இருந்திருக்காது, பிறகு அழுததெல்லாம் ஊருக்காக என்று எனக்குள்ளேயே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சாவுதான். அன்று பகல் முழுவதும் மாமி மனதுக்குள் தன் பிள்ளையையும் சேர்த்துச் சாகக் கொடுத்துவிட்டு என்னோடு பழம் அடுக்கிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.