தங்கபாயின் பாலில் தண்ணீர் ஊற்றியது யார்?

1. ஒன்பது

பாறசாலையில் ரப்பர் பால் எடுக்கும் கம்பெனி ஒன்றின் ஆபீசில் இருபத்தாறு வருடம் இருந்தேன். எக்செல் ஷீட்டில் தானாகக் கணக்குப் போடும் மேக்ரோ, ஃபங்ஷன் எழுத எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கேட்டு, திட்டு வாங்கி, நானே படித்தது. அதனால் என் தப்பையும் நானே சொல்லிவிடுகிறேன். இப்போது ஃபங்ஷன் எழுதப் பழகும் பிள்ளைகள் கேட்டுக்கொள்ளட்டும்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் விக்கிரமன் சார் ஒரு பிரிண்ட் அவுட்டை என் மேசையில் போட்டார். வெள்ளறடையில் நாங்கள் பால் வாங்கும் சென்டரின் ஷீட். தங்கபாய் என்ற பெயருக்கு நேரே, பாலில் உள்ள ரப்பர் நூற்றுக்கு ஒன்பது என்று இருந்தது. நல்ல பாலில் முப்பதுக்கு மேல் இருக்கும்.

"ஒம்பதுண்ணா இது பாலா? முக்காலும் வெள்ளமாக்கும், பச்சத்தண்ணி. அவளுக்க பாலு இனி எடுக்கப்பிடாதுண்ணு சென்டர் போர்டுல நோட்டீஸ் ஒட்டியாச்சு. நீ லிஸ்டுல இருந்து பேரை எடு."

தங்கபாய் அக்காவை எனக்குத் தெரியும். சொந்த ரப்பர் மரங்களைத் தானே வெட்டி, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்து, தானே சுமந்து வருகிறவர். ஒரு சருகு விழுந்தால்கூட வடிகட்டாமல் கொண்டுவர மாட்டார்.

"சார், அக்கா அப்பிடி செய்யமாட்டாவ."

"கம்ப்யூட்டர் கள்ளம் சொல்லுமா, செல்வகுமாரி? ஃபங்ஷன் நீ எழுதினதுதானே?"

சுருக்கென்று தைத்தது. நான் எழுதியதுதான்.

"அதுனாலதான் சொல்லுதேன் சார். பாக்காம பேரை எடுக்கமாட்டேன்."

2. ஓகே, ஓகே, ஓகே

பாலை அப்படியே அளக்க முடியாது. தண்ணீர் கலந்து இளக்கி, மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை அதில் விடுவார்கள். வழக்கமாக ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர். ஆகவே கருவி காட்டும் எண்ணை மூன்றால் பெருக்க வேண்டும். என் ஃபங்ஷனுக்கு இரண்டு பாராமீட்டர், அதாவது உள்ளே வாங்கும் விவரம்: ஒன்று மெட்ரோலாக் எண், மற்றது கலந்த விகிதம். விகிதம் காலியாக இருந்தால் மூன்றால் பெருக்கும். எழுதியிருந்தால் எழுதியபடி பெருக்கும்.

எழுதிய கோடிங்கை மூன்று முறை வாசித்தேன். ஒரு குற்றமும் தெரியவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, வாசித்தால் எப்படித் தெரியும்? பிறகுதான் புத்தி வந்து ஒரு வரி சேர்த்தேன்: பெருக்குவதற்கு முன்னால், உனக்குள் வந்த இரண்டையும் மெசேஜ் பாக்ஸில் காட்டு.

அந்த ஃபங்ஷன் ஷீட்டில் எத்தனை வரியில் இருக்கிறது என்பதை யோசிக்கவில்லை. வரிக்கு வரி பெட்டி குதித்தது. ஓகே அழுத்தினால் அடுத்தது. அழுத்தி அழுத்தி விரல் ஓய்ந்தது.

"என்ன பிள்ளே, கேம் விளையாடுதியா?" என்றார் சார், பின்னால் நின்று.

ஷீட்டை ஒரு காப்பி எடுத்து, தங்கபாய் அக்காவின் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்தேன். இப்போது ஒரே பெட்டி. முதல் எண் 9. இரண்டாவது எண் 0.04375.

இப்படியும் ஒரு விகிதம் உண்டா? ஷீட்டில் அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். 1:03 என்று இருந்தது. கட்டத்தைத் தொட்டதும் மேலே பட்டையில் 01:03:00 AM என்று வந்தது. உடனே சென்டர் சூப்பர்வைசர் ஸ்டான்லி அண்ணனுக்கு போன் போட்டேன்.

"ஒண்ணுக்கு மூணுண்ணு நான்தான் டைப் செய்தேன். மகளுக்க பேறுக்குப் போயிட்டு அவ ரெண்டு வாரம் மரம் வெட்டல்ல. பாலு நல்ல கட்டியா இருந்து. அதுனால நானாக்கும் மூணு பங்கு வெள்ளம் ஊத்தினேன்" என்றார்.

அவர் 1:3 என்று அடித்ததை ஷீட் மணி ஒன்று மூன்று என்று எடுத்துக்கொண்டது. மணியை உள்ளே ஒரு நாளின் பின்னமாக வைத்திருக்கும். என் ஃபங்ஷன் நடுவில் இருக்கவேண்டிய இரண்டு புள்ளியை (:) தேடியது, காணவில்லை, பெருக்காமலே ஒன்பதைத் திருப்பிக் கொடுத்தது. ஒன்றும் மூன்றும் சேர்த்து நான்கால் பெருக்கியிருந்தால் முப்பத்தாறு. முதல்தரமான பால்.

மற்ற சென்டர்களின் ஷீட்டில் விகிதம் எழுதும் கட்டங்களை, அடித்தது அப்படியே நிற்கும்படி, டெக்ஸ்ட் ஆக்கி வைத்திருந்தேன். வெள்ளறடைக்குப் புது ஷீட் போட்டபோது மறந்துவிட்டேன். அங்கே அதுவரை யாரும் அதில் எதுவும் எழுதாததால் தெரியவில்லை. பெட்டியை மறுபடி திரையில் வரவைத்து சாரைக் கூப்பிட்டேன்.

3. நாணக்கேடு

"சார், அந்த வெள்ளம் நாம ஊத்தினது. அளக்க நாமளே ஊத்திட்டு, பெருக்காம விட்டு, அக்காவைக் கள்ளியாக்கியாச்சு."

சார் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரி. நோட்டீஸைக் கிழிச்சுப் போடச் சொல்லுதேன். பாலு எடுக்கட்டு. வெளிய ஒண்ணும் பேசண்டாம், கம்பெனிக்கு நாணக்கேடு."

"அவியளுக்க பேரை ஒட்டும்போ நாணக்கேடு தோணல்லியா சார்?"

"உனக்க பேருமாக்கும் கெடும். ஓர்மை வச்சுக்கோ."

"கெடட்டு சார். தப்பு எனக்கதுதானே."

எனக்குக் கோபம் அவர்மேல் பாதி, என்மேல் பாதி. அங்கேயே உட்கார்ந்து டைப் செய்தேன்: தங்கபாய் கொண்டுவந்த பாலில் தண்ணீர் இல்லை, தப்பு ஆபீசில் நடந்தது, கணக்கிட்ட ஃபங்ஷனை எழுதியவள் செல்வகுமாரி. சீல் போட சார் மறுத்துவிட்டார். கையெழுத்து மட்டும் போட்டு, மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் காலை பஸ்ஸில் வெள்ளறடைக்குப் போனேன்.

போகும் வழியிலேயே முடிவு செய்தேன். இனி நான் எழுதும் எந்த ஃபங்ஷனும், கேட்டால் தனக்குள் வந்ததை முதலில் காட்டவேண்டும். பிள்ளைகளே, விடை தப்பாகத் தெரிந்தால் கோடிங்கை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உள்ளே என்ன போயிற்று என்று அதன் வாயாலேயே சொல்லவையுங்கள். விடை ஒரு மனுஷிமேல் பழி போடுகிறது என்றால், மேலே இருப்பவர் யாராக இருந்தாலும் சரி, அதைப் பார்க்காமல் கையை அசைக்காதீர்கள்.

சென்டரில் பாலோடு ஒரு வரிசை நின்றது. தங்கபாய் அக்கா பால் கொண்டுவரவில்லை, விஷயம் கேட்டு வெறுங்கையோடு வந்திருந்தார். பழைய நோட்டீஸ் இருந்த இடத்திலேயே நான் புதியதை ஒட்டினேன். மன்னிப்பு கேட்டேன். அவர் முகம் இளகவில்லை.

"ஒட்டினா போதாது. அண்ணைக்கு உங்க ஆளுவ அந்த நோட்டீஸை எல்லாரும் கேக்க உரக்க வாசிச்சினும். நீயும் வாசி."

வாசித்தேன். கடைசி வரியில் என் பெயர் வந்தபோது குரல் தானாக இறங்கிவிட்டது.

"அந்த இடம் கேக்கல்ல" என்றார் அக்கா.

மறுபடியும் வாசித்தேன், உரக்க.